யாரிடமிருந்து வந்தது?

வேம்புவை ஏமாற்றுவது சுலபமில்லை. தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவில் எட்டு வருஷமாக நிற்கிறவள். புடவை வாங்க வந்தவள் யார், ஏசிக் காற்று வாங்க வந்தவள் யார் என்று படியேறும்போதே சொல்லிவிடுவாள். மந்தைவெளியில் அவள் குடியிருக்கும் வீட்டுவசதி வாரிய வீட்டுக்கு கேஸ்காரர் வந்தாலும், ஓட்டுக் கேட்டு வந்தாலும், முதலில் கதவு ஒரு சாண் அகலம்தான் திறக்கும். வேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் கனகராஜ் மாரடைப்பில் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அப்போது மகள் அனுவுக்கு நாலு வயசு. தனியாக ஒரு பெண் பிள்ளையை வளர்க்கிறவள் எதையும் இரண்டு தடவை பார்த்துத்தான் ஆகவேண்டும் என்பது அவள் எண்ணம்.

அதனால்தான், முப்பது வயசுக்கு மேற்பட்ட பெண் ஊழியர்கள் எல்லாருக்கும் கடையிலேயே புற்றுநோய் பரிசோதனை என்று நோட்டீஸ் ஒட்டியபோது அவளுக்குப் பொறி தட்டியது. உட்கார ஸ்டூல் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கிற நிர்வாகம் இது. இவர்களுக்குத் திடீரென்று என்ன அக்கறை?

“புள்ளத்தாச்சியா இல்லையான்னு பாக்கறாங்கக்கா. ஆளக் கொறைக்கப் போறாங்க” என்றாள் பக்கத்து கவுண்டர் சாய்மா. முப்பத்து நாலு வயசு, இரண்டு குழந்தைகள், ராயப்பேட்டையிலிருந்து வருகிறவள்.

“எனக்கு நாப்பத்தி மூணு வயசு. என்னான்டப் போயி இன்னா பாக்கப் போறாங்க?” என்றாள் வேம்பு. ஆனாலும் வரிசையில் கடைசியாகத்தான் போய் நின்றாள்.

ஐந்தாவது மாடி ஸ்டாக் ரூமில் ஒரு தொண்டு நிறுவனத்தின் நர்ஸ் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். கர்ப்பப்பை வாயில் வருகிற புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்கிற வைரஸ்தான் காரணம், அது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று சொல்லி, ஆளுக்கு மூடி போட்ட ஒரு சின்னக் குழாயும் நுனியில் மெல்லிய பிரஷ் வைத்த ஒரு குச்சியும் கொடுத்தாள். பாத்ரூமுக்குப் போய் அவரவரே உள்ளே விட்டு, சுற்றி எடுத்து, குழாயில் போட்டுக் கொடுத்தால் போதும்.

“எங்க பேரெல்லாம் மேனேஜர்கிட்ட போவுமா?”

“போகாதுக்கா. ரிசல்ட் உங்களுக்கு மட்டும்தான்.”

வேம்பு நம்பவில்லை. இருந்தாலும் எடுத்துக் கொடுத்தாள். அவளும் சாய்மாவும் ஒரே சமயத்தில் வெளியே வந்து, இரண்டு குழாய்களையும் வாஷ்பேசின் விளிம்பில் வைத்துவிட்டுக் கை கழுவினார்கள். பிறகு ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. “நேர்ல ஒரு தடவை வந்துட்டுப் போங்கக்கா” என்றாள் ஜெசிந்தா. வேம்பு இரண்டு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனாள்.

“பாசிட்டிவ்னு வந்திருக்கு. பயப்படாதீங்க, இது கேன்சர் இல்ல. கேன்சர உண்டாக்கக்கூடிய வைரஸ் அங்க தங்கியிருக்கு, அவ்ளோதான். அடுத்த டெஸ்ட் ஒண்ணு இருக்கு.”

“எனக்கு ஒண்ணுமே இல்லியே. வலி கெடையாது, வெள்ளப்படுதல் கெடையாது, தீட்டு கரெக்டா வருது.”

“ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியாதுக்கா. நடுவுல ரத்தம் படுறது, இடுப்பு வலி எல்லாம் வரும்போது பல பேருக்கு லேட் ஆயிடுது. தெரியாத நேரத்துல புடிக்கத்தான் இந்த டெஸ்ட்.”

“எப்டி வருது இது?”

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். “பெரும்பாலும் தாம்பத்தியம் வழியாத்தான்.”

வேம்பு எதிரே இருந்தவளின் முகத்தில் ஏதாவது நெளிகிறதா, புருவம் உயர்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். “எம் புருசன் செத்து ஒம்போது வருஷம் ஆவுதும்மா” என்றாள்.

“அதுக்கும் முன்னாடி வந்ததா இருக்கலாம். பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்கூட சத்தமில்லாம உடம்புல தங்கும்.”

சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் வேம்பு. வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி. தாலி அறுத்தவள். அவளுக்கு இந்த நோய் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இந்த நர்ஸ் இந்நேரம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் அந்த வாஷ்பேசின் ஞாபகம் வந்தது. குழாய் மாறிவிட்டது! இது சாய்மாவுடையது. அவள் புருஷனோடு இருக்கிறவள், அவளுக்கு வந்தால் அதில் நியாயம் உண்டு. அந்த நினைப்பு எவ்வளவு நிம்மதியாக இருந்ததென்றால், சாய்மாவுக்கு நோய் வேண்டும் என்று தான் ஆசைப்படுகிறோம் என்பதே வேம்புவுக்கு உறைக்கவில்லை.

கடையில் எல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. சாப்பாட்டு அறைக்குள் அவள் நுழைந்தபோது சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். “பர்மிஷன் போட்டுட்டு எங்கம்மா போன?” என்று சூப்பர்வைசர் கேட்டபோது, தெரிந்துகொண்டே கேட்கிறார் என்று தோன்றியது. எல்லாவற்றையும்விட சாய்மா. வாய் ஓயாமல் பேசுகிறவள், இப்போது பேசுவதில்லை. நிமிர்ந்தால் இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ரிப்போர்ட்டை எங்கேயோ பார்த்துவிட்டாள், கடை முழுக்கச் சொல்லிவிட்டாள் என்று வேம்பு தீர்மானித்தாள்.

குழாய் மாறவில்லை என்றால்? அந்தக் கேள்வி வந்ததும் இன்னொரு கதவு திறந்தது. கனகராஜ்.

அடித்தவன் இல்லை, குடித்துவிட்டு விழுந்தவன் இல்லை. ஆனால் திருப்பதி, பெங்களூர், கொடைக்கானல் என்று மாதத்தில் பாதி நாள் வெளியில் இருந்தவன். லாட்ஜில் படுத்தேன் என்பான், வண்டியிலேயே படுத்தேன் என்பான். எட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் ஒரு நாள்கூட அவள் அவனைச் சந்தேகப்பட்டதில்லை. ஊரையே சந்தேகப்பட்டவள் அவன் ஒருவனை மட்டும் விட்டுவைத்திருந்தாள். அந்த வாரம் அவன் படத்துக்குப் பூ வைக்கவில்லை.

“ஏம்மா, அப்பாவுக்குப் பூ வாங்கல?” என்று அனு கேட்டாள்.

“பூக்காரி வரல” என்றாள்.

விடுமுறை நாளில் லஸ் வேன் ஸ்டாண்டுக்குப் போனாள். கனகராஜோடு பதினைந்து வருஷம் வண்டி ஓட்டிய மதிவாணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அவருக்கு வெளிய யாராச்சும் இருந்தாங்களா?”

மதிவாணன் கையிலிருந்த துணி நின்றது. “இன்னா தங்கச்சி இது? போய்ச் சேந்தவனப் போயி… அவன் தங்கமான ஆளும்மா.”

“அப்புறம் ஏன் யோசிச்ச?”

“எங்க யோசிச்சேன்? நீ கேட்டது அப்டி.” அவன் மறுபடி துடைக்க ஆரம்பித்தான், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

அந்த ஒரு நொடித் தயக்கத்தை வேம்பு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். அதிர்ச்சியில் வந்த தயக்கமா, மறைப்பதில் வந்த தயக்கமா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அது இரண்டாகவும் தெரிந்தது.

அடுத்த டெஸ்டுக்குக் குறித்த தேதிக்கு அவள் போகவில்லை. இரண்டாவது தேதிக்கும் போகவில்லை. டெஸ்ட் செய்தால் அது தன்னுடையது என்று உறுதியாகிவிடும், செய்யாதவரை யாருடையதாகவோ இருக்கும். ஜெசிந்தா விடாமல் போன் செய்தாள்.

“ஏம்மா என் பின்னாடியே வர்ற? ஆள் புடிச்சுக் குடுத்தா உனக்கு எதுனா கெடைக்குதா?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள் வேம்பு.

“போன வருஷம் ஒரு அக்காவ நான் மூணு தடவ கூப்ட்டுட்டு விட்டுட்டேன். பாவம், தொந்தரவு பண்ண வேணாம்னு நெனச்சேன். எட்டு மாசம் கழிச்சு ரத்தப்போக்கோட வந்தாங்க. அதனால உங்கள விடமாட்டேன். திட்டுனாலும் பரவால்ல.”

வேம்பு போனை வைத்துவிட்டாள். இதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்த எட்டு மாசம் என்ற வார்த்தை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

சாய்மா இப்போது பின்தொடரவும் ஆரம்பித்திருந்தாள். ராயப்பேட்டைக்குப் போகவேண்டியவள் இரண்டு நாளாக மந்தைவெளி பஸ் நிற்கிற இடம்வரை பின்னால் வந்து, கூட்டத்தில் கரைந்து போனாள். மூன்றாவது நாள் சாயங்காலம் ஊழியர்கள் இறங்கும் படிக்கட்டில் வேம்பு திரும்பி நின்று அவள் கையைப் பிடித்தாள்.

“இன்னாடி நெனச்சிக்கினு கீற? எங்க போறேன், யாரப் பாக்கறேன்னு வேவு பாக்கறியா? யார்கிட்ட போய் சொல்லப் போற?”

சாய்மாவின் கண் நிறைந்துவிட்டது. போனை எடுத்து நீட்டினாள். அதே அலுவலகத்திலிருந்து, அடுத்த டெஸ்ட்டுக்கு வரச்சொல்லி ஒரு செய்தி. அவள் பெயர், அவள் தேதி.

“எனக்கும் வந்துச்சுக்கா. அன்னிக்கு நீ ஜெசிந்தா ஜெசிந்தான்னு போன்ல பேசினே. உனக்கும்தான்னு புரிஞ்சிது. நீ போற அன்னிக்கு உன் கூடவே வந்துடலாம்னு பாத்துக்கினு இருந்தேன். கேக்க பயமா இருந்துச்சு.”

“வூட்ல சொல்லலியா?”

“சொன்னா அவரு என்னைக் கேப்பாரா, இல்ல நான் அவரக் கேக்கணுமா? யாரு யாரக் கேக்கறதுன்னே தெர்லக்கா.”

வேம்பு பிடித்த கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்திருந்தது. ஒன்றரை மாதமாக இவள் தலையில் நோயைக் கட்டப் பார்த்தோமே என்று அப்போதுதான் உறைத்தது. மேலேயிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். “கண்ணத் தொடச்சிக்கோ. செவ்வாக்கெழம போலாம்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவர்களைப் பார்த்த டாக்டர் மாளவிகா சின்ன வயசுக்காரி. கேட்டால் பதில் சொல்கிறவள். வேம்பு கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்தக் கருவி எதற்கு, பஞ்சில் நனைப்பது என்ன?

“சமையலுக்கு ஊத்தற வினிகர் வகைதான். இதைத் தடவினா கெட்டுப்போன செல் இருக்கற இடம் மட்டும் வெள்ளையா மாறும். பெரிசு பண்ணிக் காட்டற கேமரா இது. ஸ்கிரீன்ல நீங்களே பார்க்கலாம்.”

திரையில் இளஞ்சிவப்பாக ஏதோ வட்டமாகத் தெரிந்தது. ஒரு நிமிஷத்தில் அதன் ஓரத்தில் சுண்ணாம்பு அப்பினாற்போல் ஒரு திட்டு எழுந்தது.

“இது என்னோடதுதானா டாக்டர்? வேற யாருதாச்சும் படம் ஓடுதா?”

டாக்டர் சிரிக்கவில்லை. “ஒரு தடவை இருமுங்க” என்றாள்.

வேம்பு இருமினாள். திரையில் அந்த வட்டம் குலுங்கியது. இன்னொரு தடவை இருமிப் பார்த்தாள். மறுபடியும் குலுங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த இடத்திலிருந்து ஒரு துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய படி, ஆனால் படிகளில் கடைசி. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் தாண்டியிருக்கக்கூடும் என்றாள் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் கெட்ட பகுதியை மட்டும் சீவி எடுத்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வார்கள் என்று அவள் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தாள்; அதற்குத் தேவையே வரவில்லை. எடுத்த சதையின் ஓரங்கள் சுத்தமாக இருந்தன, எல்லாம் வந்துவிட்டது என்று ரிப்போர்ட் சொன்னது.

சாய்மாவுக்கு வினிகர் தடவியதில் எதுவுமே வெளுக்கவில்லை. வைரஸ் இருக்கிறது, கெடுதல் செய்யவில்லை, வருஷம் கழித்து மறுபடி பார்த்தால் போதும் என்றார்கள்.

கிளம்பும்முன் வேம்பு டாக்டரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். “இது யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா?”

“முடியாது. பத்துல எட்டு பேருக்கு வாழ்நாள்ல எப்பவாவது இந்த வைரஸ் வந்துட்டுப் போகும். முக்காவாசிப் பேருக்கு ரெண்டு வருஷத்துல உடம்பே துரத்திடும். சில பேருக்குத் தங்கிடும். உங்க கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாம். இருந்தது அவருக்கே தெரிஞ்சிருக்காது. இதை வெச்சு யாரையும் குற்றம் சொல்ல முடியாதும்மா.”

“ஆம்பளைக்கு டெஸ்ட்டு?”

“இந்த மாதிரி வழக்கமா பண்ற டெஸ்ட் அவங்களுக்கு இல்லை.”

“அதான பாத்தேன்” என்றாள் வேம்பு.

ஒரு மாதம் கழித்து சாய்மா தன் புருஷனை ஜெசிந்தாவிடம் அழைத்துக்கொண்டு போனாள். அவன் தலை குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தானாம். “அதுக்கு இன்னாக்கா அர்த்தம்?” என்று சாய்மா கேட்டாள். வேம்புவுக்கும் தெரியவில்லை.

கனகராஜின் நினைவு நாளுக்கு மதிவாணன் வந்திருந்தான். இலையில் உட்கார்ந்தவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “தங்கச்சி, அன்னிக்கு ஸ்டாண்டுல நீ ஒண்ணு கேட்டியே…” என்று ஆரம்பித்தான்.

வேம்பு கரண்டியோடு நின்றாள். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல வருகிறானா, வேறெதையாவதா? அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் பார்க்கவில்லை. “கொழம்பு ஆறிடும், சாப்பிடுண்ணே” என்று ஊற்றினாள். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் சில நாள் கனகராஜை நம்புகிறாள், சில நாள் நம்புவதில்லை. பூ மட்டும் தினமும் வைக்கிறாள்.

அனுவுக்குத் தடுப்பூசி போடும் பேச்சு வந்தபோது ஜெசிந்தாவை ஒரு மணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். பதினாலு வயசுக்குள் போட்டால் நல்லது என்கிறார்களே, ஏன்? வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும் என்பதால். பின்னால் பிள்ளை பிறப்பதில் சிக்கல் வருமா? வராது. ஊசி போட்டுக்கொண்டவள் பிறகு டெஸ்ட்டே எடுக்க வேண்டாமா? முப்பது வயசுக்கு மேல் அவளும் எடுக்கத்தான் வேண்டும். மருந்துப் பெட்டியை வாங்கி, எதுவரை செல்லும் என்ற தேதியைப் படித்துவிட்டுத்தான் மகளின் கையைப் பிடித்தாள்.

மறு வருஷம் வேம்புவும் சாய்மாவும் ஒன்றாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார்கள். இந்த முறை இருவருக்கும் நெகட்டிவ். வேம்பு மட்டும் இன்னும் பல வருஷம் விடாமல் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாள்.

போன மாதம் கடையில் மறுபடி அந்த நோட்டீஸ் ஒட்டினார்கள். சாப்பாட்டு அறையில் புதிதாகச் சேர்ந்த சகினா, “நான்லாம் ஏற்கெனவே பாத்துட்டேன்க்கா, எனக்கு வேணாம்” என்றாள்.

வேம்பு டிபன் பாக்ஸை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். “எங்க பாத்த? எந்த மாசம்? ரிப்போர்ட்ட நாளைக்கு எடுத்துக்கினு வா, பாக்கறேன்.”