அத்தைக்குக் கல்யாணம் முடித்த எலும்புக்குழம்பு

எங்கள் வீட்டு எலும்புக்குழம்பை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிறந்தது அந்தமானில் என்றாலும் குழம்பு விஷயத்தில் நான் சுத்தமான சிவகங்கைக்காரி. ஆட்டெலும்போடு கத்திரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய் எல்லாம் சேர்ந்து வெந்து, காயைக் கடித்தாலும் கறி ருசிக்க வேண்டும். என் அத்தைக்குக் கல்யாணம் முடித்து வைத்ததே அந்தக் குழம்புதான். தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்.

அத்தை அப்பாவின் தங்கை. ஹேடோவில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தாள். அவளை அதற்கு முன் இரண்டு குடும்பங்கள் பெண் பார்த்திருந்தன. "மெயின்லேண்ட்ல பெரியவங்களக் கேட்டுச் சொல்றோம்" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், ஒரு தகவலும் இல்லை. மூன்றாவதாக, தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேயிலிருந்து மாப்பிள்ளை வந்தார், அம்மாவோடும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவோடும். மறுநாள் அவர்களுக்குத் திரும்பக் கப்பல்.

சம்பந்தம் பேசி முடிக்காமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆகவே அவர்களுக்குக் காபி, கேசரி. அவர்கள் போன பிறகு எங்களுக்கு எலும்புக்குழம்பு. பெண் பார்க்கும் நாளில் கறியா என்று அம்மா முணுமுணுத்தாள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க அப்பாவுக்கு மனசில்லை.

அத்தையும் மாப்பிள்ளையும் வராந்தாவில் பத்து நிமிஷம் பேசினார்கள். "போய் யோசிச்சுச் சொல்றோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா, அந்தப் பெரியவர், எழுந்தார். அப்பாவின் முகம் தொங்கிப்போனது. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அடுப்படியிலிருந்து குழம்பு வாசம் வந்து கூடத்தை நிறைத்தது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், கப்பல் தாமதமாவதைப் பற்றித் தீவிரமாகப் பேசினார்கள்.

அத்தை ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, நல்ல நல்லி எலும்பாகப் பார்த்து வைத்து என்னிடம் கொடுத்தாள். "பெரியவரு பசியோட இருக்காரு. கொண்டுபோய்க் குடு. யாராச்சும் கேட்டா நானாத்தான் எடுத்தாந்தேன்னு சொல்லிரு."

நான் தட்டை நீட்டியதும் அப்பா பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் தட்டைப் பார்த்தார். அடுப்படிக் கதவைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

"அரே வா! கத்திரிக்காய்ல கறி ருசி எப்பிடி எறங்கிருக்கு பாரு! டேய், நீயும் உக்காரு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை உட்கார்ந்தாயிற்று. "அப்ப எனக்கும் போடுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அப்பா அவசரமாகத் தேங்காய் பழம் வாங்க ஆள் அனுப்பினார். மழை விடுவதற்குள் தட்டு மாற்றியாகிவிட்டது.

அவர்கள் போனதும் அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "யாரக் கேட்டுச் சோத்தத் தூக்கிட்டுப் போன? அவங்க கோவிச்சுட்டுப் போயிருந்தா?" நானாகத்தான் கொண்டுபோனேன் என்று சாதித்தேன். அதே அப்பா கல்யாணத்தில் என் சாமர்த்தியத்தைப் பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன்.

இப்போது அத்தையை நினைத்தால்தான் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அன்றைக்கு அவள் எனக்கு வெறும் இரக்கக்காரி, மழையில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவரின் பசி பொறுக்காதவள்.