சந்தைக்கு எந்த வழியா வருவீங்க?

மாணிக்கம் அண்ணன் போய்விட்டார். இன்று காலை நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார்... தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

எங்கள் கொல்லிமலை ஆம்புலன்ஸ் டிரைவர். நான் நர்ஸாக வந்த நாளிலிருந்து எட்டு வருஷம் அவர் பக்கத்து சீட்டில்தான் போயிருக்கிறேன்.

அவரும் மலைக்காரர் இல்லை, ராசிபுரம் பக்கம். நான் வந்த புதிதில் போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு திரிவேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

யார் கூப்பிட்டாலும் ஒரே கேள்விதான். "ஏனுங்க, சந்தைக்கு எந்த வழியா வருவீங்க? எங்க பஸ் ஏறுவீங்க?"

உயிர் போகிற நேரத்தில் சந்தைக் கதை எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இங்க ஒரு ஊருன்னா நாலு மேட்டுல நாலு ஊடு சிஸ்டர். பேரை வெச்சு என்ன பண்றது... அவங்க நடக்குற வழி தெரிஞ்சா போதுமுங்க."

லீவு நாளிலும் டீ கிளாஸோடு சந்தையில்தான் நிற்பார். யார் எந்தப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்கி வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அப்படித் திண்ணனூர் நாட்டில் ஒருமுறை ஒரு தலைப்பிரசவம். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று சொன்னதோடு போன் கட். மேப்பில் ஒரு கிலோமீட்டர்தான் காட்டுகிறது, இப்படியே போங்க என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

ரோடு முடிந்துவிட்டது. எதிரே வீடு தெரிகிறது, ஆட்கள் கை காட்டுகிறார்கள்... நடுவில் பெரிய பள்ளம். ரோட்டில் சுற்றினால் முக்கால் மணி நேரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. கையைக் குவித்து அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார். "சாமி... சந்தைக்கு எப்படி இறங்குவீங்க?"

"ஓடையோரமா இறங்கி, மொளகுக் காட்டு வழியா ஏறுவோமுங்க..."

"அப்படியே தூளி கட்டித் தூக்கிட்டு வாங்க. நாங்க ஓடைக்கு வாரோம்."

ஓடைக்கரைப் பாறையில்தான் குழந்தை பிறந்தது. பெண். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு போர்வையை மறைப்பாகப் பிடித்தபடி நின்றார்... அது அழுத பிறகுதான் திரும்பினார்.

வண்டியில் வரும்போது, "மேப்பு பொய் சொல்லலீங்க சிஸ்டர், அது இங்க நடந்து பழகல" என்றார். நான் மேப்பை மூடிப் போனைப் பைக்குள் போட்டேன். அவ்வளவு வெட்கம்.

இந்த மலையை அவர் அளவுக்குத் தெரிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

காலையிலிருந்து போன் நிற்கவில்லை. இப்போது வாழவந்தி நாட்டிலிருந்து ஒரு பெரியவர். "டிரைவர் ஊடு எங்கீங்க கண்ணு? லாரி பேசிட்டோம், நாங்க நாப்பது பேரு வாரோம்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டு வருஷத்தில் ஒருநாள் கூட, உங்க வீடு எங்கண்ணே என்று நான் கேட்டதில்லை.

ராசிபுரம் நண்பர்கள் யாராவது வழி சொல்லுங்கள்... மலையிலிருந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

போயிட்டு வாங்கண்ணே.