பதினேழாவது 'போதும்'

இருபத்தொரு வருடம் ஒரே வீட்டில் கூட வாழ்ந்த மனிதன் ஒரு சொல்லைச் சொன்னால், அதற்கு என்ன பொருள் என்று மனைவிக்குத் தெரியாமல் போகுமா? அந்த வியாழக்கிழமை மதியம் வரை இப்படி யாராவது கேட்டிருந்தால் கேள்விக்காரி சிரித்திருப்பாள்.

கேள்விக்காரி என்பது அலுவலகத்தில் அவளுக்கு விழுந்த பெயர். மனதுக்கு நிறைவான வேலை எது என்று ஒருவர் தேடிக் கண்டுகொள்ள உதவும் செயலியை உருவாக்கிக்கொண்டிருந்த சின்ன நிறுவனம் அது. மொத்தமே ஐந்து பேர், இரண்டு அறை, ஒரு மூலையை மட்டும் குளிர வைக்கும் ஏசி. கைபேசித் திரையில் என்ன கேள்வி வர வேண்டும், கீழே பொத்தான்களில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. வயது நாற்பத்தாறு. கணினிப் படிப்பு படிக்காதவள் அங்கே அவள் ஒருத்திதான்.

அதற்கு முன் பதினோரு வருடம் வேலைவாய்ப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். படிவத்தின் ஒன்பதாவது கட்டத்தில் 'விரும்பும் பணி' என்று அச்சிட்டிருக்கும். அங்கே வந்ததும் பத்தில் எட்டுப் பேர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். "எதுவா இருந்தாலும் சரின்னு போட்டுக்கங்க மேடம்" என்பார்கள். அவளும் போட்டுக்கொள்வாள். அவர்களுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை, கேள்வியில் இருந்த பேச்சுதான் அவர்களுடையதாக இல்லை என்று அவளுக்குப் போகப் போகத் தோன்றியது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கிடைத்த அந்த ஒரு எண்ணத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். செயலி நிறுவனத்தில் சேர்ந்ததும் அதை வைத்துத்தான்.

மேலாளருக்கு முப்பது வயது. சாதாரண நாட்களில் அவனை 'தம்பி' என்பாள், கோபம் வந்தால் 'சார்'. செயலியின் முதல் கேள்விக்கு ஐந்து நட்சத்திரம் வைக்க வேண்டும் என்று அவன் சொன்னபோது, "நட்சத்திரம் போட இதென்ன ஓட்டலா, தம்பி?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அவள் சொன்னதுதான் நின்றது. 'இப்போ பாக்குற வேலை எப்படி இருக்கு?' என்று கேள்வி. கீழே நான்கு பொத்தான்: 'ரொம்பப் பிடிக்கும்', 'போதும்', 'பத்தல', 'தெரியல'.

"இந்த 'போதும்' நல்லா இருக்குக்கா. வீட்டுல பேசுற மாதிரியே இருக்கு" என்று மேலாளரே ஒப்புக்கொண்டான். நிரல் எழுதும் பெரியவருக்கு ஆமை என்று பெயர். மெதுவாகத்தான் செய்வார், செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது. அவர் 'போதும்' என்பதைத் திருப்தியின் கணக்கில் சேர்த்தார். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தார்.

செயலியை முதன்முதலாகப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது ஒரு மருத்துவமனை. ஊரின் மறுகோடியில் இரண்டாவது கட்டடம் திறக்கிறார்கள், அங்கே நாற்பது பேரை அனுப்ப வேண்டும். விருப்பமில்லாதவர்களைத் தள்ளிவிடுவதைவிட, மாற்றம் தேடுகிறவர்கள் யார் என்று பார்த்து அனுப்பலாம் என்று நிர்வாகம் நினைத்தது. புதிய கட்டடத்தில் வேலையும் வேறு: பதிவேடு, கிடங்கு, வரவேற்பு. போனால் இரண்டு வருடத்துக்குத் திரும்ப முடியாது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கைபேசியில் பதில் சொல்லியிருந்தார்கள். மேலதிகாரி பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் பாதிக்கு மேல் 'ரொம்பப் பிடிக்கும்'. பட்டியல் வியாழக்கிழமை ஐந்து மணிக்குப் போயாக வேண்டும்.

அன்று பன்னிரண்டே முக்காலுக்கு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, கடைசிப் பக்கத்தில் மக்கள் எழுதியிருந்த குறிப்புகளை அவள் சும்மா படித்துக்கொண்டிருந்தாள். வார்டு துப்புரவு செய்யும் ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'போதும்னு அமுக்கிட்டேன். இன்னும் எத்தனை தடவ சொல்லணும்? இடுப்பு விட்டுப்போச்சு. மாத்திவிடுங்க சாமி.'

மூடியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

பட்டியலைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் வரி 'திருப்தி, மாற்ற வேண்டாம்' என்ற பத்தியில் இருந்தது. 'போதும்' அமுக்கியவர்கள் எத்தனை பேர் என்று தேடினாள். பதினேழு. பதினேழு பேரும் அதே பத்தியில். எந்தப் பிரிவு, எத்தனை வருடம், என்ன கைபேசி எண் என்று வரிசையாக இருந்தது. கடைசி வரியில், 'கருவிகள் கிருமி நீக்கும் பிரிவு, பத்தொன்பது வருடம்'. எண்ணைப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் பார்த்தாள். வீட்டில் பல்பு மாற்றுகிறவனின் எண், அவள் கைபேசியில் முதலாவதாக இருக்கும் எண்.

போன வாரம் கணவனிடம் கேட்டிருந்தாள், "உங்க ஆஸ்பத்திரிக்கு எங்க செயலி வந்துச்சே, நீங்க பதில் போட்டீங்களா?" என்று. "பாக்கலாம்" என்றுதான் சொன்னான். அவன் பேச்சு அவ்வளவுதான்.

மேலாளர் மேசைக்குப் போனாள். "சார், லிஸ்ட் தப்பு."

'சார்' என்றதுமே அவன் நிமிர்ந்தான். சொல்லி முடித்ததும், "அக்கா, போதும்னா திருப்தின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

"ஆமா, சொன்னேன். இன்னொரு போதும் இருக்குறது அப்போ என் மண்டைல ஏறல."

"பதினேழு பேருக்காக நிறுத்தச் சொல்றீங்களா? இது நமக்கு முதல் ஆஸ்பத்திரி. அஞ்சு மணிக்குப் போகலைன்னா அடுத்தது எதுவும் வராது."

"நிறுத்த வேண்டாம். அஞ்சு வரைக்கும் நேரம் இருக்கு. போன் பண்ணிக் கேக்குறேன்."

"எல்லாரையும்?"

"இந்தப் பொம்பளை எழுதியே குடுத்துட்டா. மிச்சம் பதினாறு பேர்."

ஆமை நாற்காலியைத் திருப்பினார். "கேள்விக்காரி, கேட்டுட்டு வந்து எங்கிட்ட நம்பர் மட்டும் சொல்லு. நான் பத்தி மாத்துறேன். என்னைக் கதை கேக்க வைக்காத."

பதினாறில் ஒருவர் யார் என்று அவள் சொல்லவில்லை.

அலுவலகத்தின் மேசைத் தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலில் லிஃப்ட் இயக்குபவர். "போதும்னா போதும்தாம்மா! பதினாறு வருஷமா மேலயும் கீழயும் போயிட்டிருக்கேன். இனிமே பக்கவாட்டுல எங்கயாவது அனுப்புங்க, போறேன்" என்றார். அடுத்து சமையலறைப் பெண்: "மனசுக்குப் போதும்மா. நாம போட்டத ஒருத்தர் மிச்சம் வைக்காம சாப்பிட்டா அதுக்கு மேல என்ன?" ஒரு செவிலி பயந்துபோய், "ஏன் கேக்குறீங்க? என்னைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். அவளைச் சமாதானப்படுத்தவே கால் மணி போயிற்று. ஆய்வகத்தில் இருந்த ஒருவர், "முதல்ல சந்தோஷமாத்தான் அமுக்கினேன். இப்போ நீங்க கேட்டப்புறம் யோசிச்சா, மாத்திடுங்க" என்றார்.

இப்படி ஒவ்வொரு எண்ணாக ஆமையிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். நாலரை மணிக்குப் பதினைந்து பேர் முடிந்திருந்தார்கள். அதில் ஒன்பது பேர் சலித்தவர்கள், ஆறு பேர் நிறைந்தவர்கள். ஒரே பொத்தான், ஒரே சொல். அவள் அவ்வளவு பெருமையாக நிறுத்திய சொல்.

பதினேழாவது எண் மட்டும் மிச்சம்.

வீட்டில் அவன் 'போதும்' சொல்லும் விதங்களை நினைத்துப் பார்த்தாள். பரிமாறும்போது தட்டின் மேல் கையை விரித்துச் சொல்வான். மகளின் கல்லூரிக் கதையை அவள் நீட்டிக்கொண்டே போனால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மழையில் சன்னல் சாத்தும்போது, கொஞ்சம் திறந்திருக்கட்டும் என்ற பொருளில் சொல்வான். குரல் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். இத்தனை வருடம் அவள் புரிந்துகொண்டது குரலை அல்ல, கையை என்று இப்போது தெரிந்தது. பொத்தானில் கை இல்லை.

வேறு அடையாளம் தேடினாள். துவைத்த துண்டுகளை அவன் அறுவைச் சிகிச்சைத் துணி மடிப்பதைப்போல ஒரு மூலையை வெளியே விட்டு மடிப்பான். வேலை மேல் பிரியமா, விரல்களின் பழக்கமா? மேற்பார்வையாளர் பதவியை இரண்டு முறை வேண்டாம் என்றிருக்கிறான். அந்த அறையை விட மனமில்லையா, அந்த அறையில் இன்னும் கூடுதலாக மாட்டிக்கொள்ள மனமில்லையா? போன வருடம் ஒருநாள் மருந்து வாங்க அந்தப் பக்கம் போனபோது, மருத்துவமனை வண்டி நிறுத்துமிடத்தில் அவனைப் பார்த்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இருபது நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து உள்ளே போனான். அவள் கூப்பிடவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை. கேள்வி எழுதுவதே பிழைப்பாக இருப்பவள், அந்த ஒன்றைக் கேட்காமலே ஒரு வருடம் ஓட்டியிருக்கிறாள்.

இந்தப் பக்கம் தவறினால், அவனுக்குப் பிடித்த ஒரே இடத்திலிருந்து அவனைப் பிடுங்கி எறிந்ததாகும். அந்தப் பக்கம் தவறினால், வெளியே வரக் கிடைத்த ஒரே வாசலை அவளே சாத்தியதாகும்.

"நாலு நாப்பது" என்றான் மேலாளர், அவளைப் பார்க்காமல்.

எண்களை அழுத்தினாள். அலுவலக எண் என்பதால் அவனுக்கு யார் என்று தெரியாது. ஐந்தாவது மணியில் யாரோ எடுத்தார்கள். நீராவி சீறும் சத்தம், இரும்புத் தட்டுகள் மோதும் சத்தம்.

"அண்ணே, உங்க போன்! கை ஈரமா? ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்."

"ஹலோ, சொல்லுங்க!" அவன் குரல்தான். ஆனால் வீட்டில் இல்லாத ஒரு வேகம் அதில் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஏதோ கலகலவென்று கொட்டியது. "டேய், போதும்டா! போதும், போதும்! அந்த டிரேல இன்னும் எத்தனை இடுக்கியத்தான் அடைப்ப? உன் கல்யாணச் சீரா இது?" என்று அவன் சத்தமாகச் சிரித்தான். கூட இருந்தவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அவள் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கணக்குப் போட முடியவில்லை.

"ஹலோ? யாருங்க? லைன்ல இருக்கீங்களா?" சிரிப்பு இன்னும் வடியாத குரல். பிறகு, சற்றுத் தள்ளிப்போய், யாருக்காகவும் இல்லாததுபோல, களைத்துப்போய் ஒரு பெருமூச்சு. ஸ்பீக்கரில் அதுவும் துல்லியமாக விழுந்தது.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஒரு நிமிடம் கையைத் தொலைபேசியின் மேலேயே வைத்திருந்தாள். மறுபடி கூப்பிடலாம். 'நான்தாங்க' என்று சொல்லலாம். இரண்டே சொல்லில் ஒரு கேள்வி: எந்தப் போதும்? முன்பின் தெரியாத பதினைந்து பேரிடம் அதைத் தடங்கலின்றிக் கேட்டிருந்தாள். இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது, அந்த எண்ணில் எடுப்பார்கள் என்றும் தெரியும்.

ஆமை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கடைசி ஆளு கிடைச்சாரா?"

"கிடைச்சார்."

"என்ன சொன்னாரு?"

"போதும்னு சொன்னாரு."

"அது தெரியுது. எந்தப் போதும்?"

அவள் எழுந்து அவர் மேசைக்கு வந்தாள். மற்ற எல்லாவற்றுக்கும் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தவள், இதற்கு அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி, தானே சுட்டியைப் பிடித்தாள். பதினேழாவது வரியைத் தொட்டாள். 'திருப்தி' பத்தியில் அது ஒரு கணம் நீலமாக ஒளிர்ந்தது. அதை அப்படியே இழுத்து, 'மாற்றம் வேண்டும்' என்ற பத்தியில் விட்டாள்.

"எங்கிட்ட நம்பர் சொல்லியிருந்தா நானே பண்ணியிருப்பேனே" என்றார் ஆமை.

"இருக்கட்டும்."

ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கையில் மேலாளர் பட்டியலை அனுப்பினான். மறுநாள் காலையே 'போதும்' பொத்தானைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு புதிய பொத்தான்களை அவள் எழுதித் தந்தாள். ஏன் இரண்டு என்று எல்லாருக்கும் விளக்கமாகச் சொன்னாள். அந்தப் பதினாறு பேரைப் பற்றியும் சொன்னாள், லிஃப்ட்காரர் பேசியதைச் சொல்லிச் சிரிக்கவும் வைத்தாள்.

பதினேழாவது வரி யாருடையது என்று ஆமை ஒரு நாள் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். அவரை ஏன் அந்தப் பத்தியில் போட்டாள் என்று நேராகவே கேட்டார். அவள் கேள்வியை முழுக்கக் கேட்டாள், தலையை ஆட்டினாள், தன் இடத்துக்குத் திரும்பி அடுத்த திரைக்கான கேள்வியை எழுதத் தொடங்கினாள்.