கேட்டுவிட்டுத் திறக்கும் கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை செருப்பு வாங்கலாம் என்று காந்தி வீதிச் சந்தைக்குப் போனவன், ஒரு பழைய சாமான் விரிப்பின் முன்னால் நின்றுவிட்டேன். அந்தச் சந்தை உங்களுக்குத் தெரியும்தானே? தேடிப் போன பொருளைத் தவிர எல்லாம் கிடைக்கும். சார்ஜர்கள், ரிமோட்டுகள், அறுந்த ஒயர்களுக்கு நடுவே மஞ்சளேறிப்போன ஒரு கீபோர்டு கிடந்தது. முதல் வரிசை ஏ, இசட், ஈ என்று ஆரம்பித்தது. பிரெஞ்சு கீபோர்டு. விரல்கள் தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டன. கடைக்காரர் ஆளைப் பார்த்தே எடை போட்டிருக்க வேண்டும். "வாங்கலன்னா கைய எடு சார்" என்றார். எடுத்தேன். செருப்பை மறந்து வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், முதலியார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் எனக்கு வேலை. முதலாளிக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: ஃபார்மட். மவுஸ் நகரவில்லை என்றாலும் ஃபார்மட், பாட்டு கேட்கவில்லை என்றாலும் ஃபார்மட். விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது அப்போது கல்லூரிப் பையன்களிடம் ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டதும் திறந்துவிடாது. இரண்டு பெயரையும் காட்டி, எதற்குள் போகட்டும் என்று கேட்டுச் சில நொடி காத்திருக்கும். நாம் சும்மா இருந்தால் அதுவே ஒன்றுக்குள் நுழைந்துவிடும். எனக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது. அடுப்பில் பால் பொங்குவதைக்கூட உட்கார்ந்து பார்க்க முடியாது. அந்தக் கேள்வி வந்ததுமே எண்டரைத் தட்டிவிடுவேன்.

ஒரு ஞாயிறு மதியம் முதலாளி என்னை ஒரு சொல்தா வீட்டுக்கு விரட்டினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். தெருவே அவரை முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். வாசலில் வடகம் தாளித்த வாசனை. உள்ளே பட்டுப்புடவை, புதுச் சட்டை, தட்டில் கேக். மகள் ரீத்தா மட்டும் பட்டுப்புடவையோடு தரையில் குந்தி, கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். பாரீஸ் பக்கத்தில் மாப்பிள்ளை. முசேயின் அக்கா செசில் அத்தை கொண்டுவந்த சம்பந்தம். போட்டோ வந்து எல்லோருக்கும் பிடித்துப்போய், நாலு மணிக்கு போனில் வாக்குக் கொடுப்பதாக இருந்தார்கள். ரீத்தாதான் பிடிவாதம் பிடித்து அதை வெப்கேமராவுக்கு மாற்றியிருந்தாள். முகத்தைப் பார்த்துப் பேசாமல் பதில் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறாள். அந்தக் கம்ப்யூட்டரோ கறுப்புத் திரையில் 'எர்ரர் 22' என்று காட்டிவிட்டு அப்படியே நின்றுபோயிருந்தது.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பேசும்போது படம் நிற்காமல் வரட்டும் என்று முதல் நாள் கம்ப்யூட்டருக்குள் இடத்தைக் காலி செய்திருக்கிறாள். "பேரே இல்லாம ஒரு டிரைவ் இருந்துச்சு. வேஸ்ட்டுன்னு நெனச்சித் தூக்கிட்டேன்" என்றாள். அந்தப் பெயரில்லாத டிரைவ்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போன அவள் அண்ணன் போட்டுவைத்த லினக்ஸ். எதற்குள் போகட்டும் என்று கேட்கும் காவல்காரனின் வீடு அதற்குள் இருந்தது. வீட்டை இடித்தாயிற்று, காவல்காரன் வாசலில் திகைத்து நிற்கிறான். எர்ரர் 22க்கு அதுதான் பொருள். நான் தேடும் இடமே இங்கே இல்லையே என்கிறது.

இதற்கு வைத்தியம் எளிது. விண்டோஸ் சி.டி.யைப் போட்டு, பாஸ்வேர்டு கொடுத்து, ஒரே ஒரு கட்டளை அடித்தால் காவல்காரன் போய்விடுவான். பெட்டி நேராக விண்டோஸுக்குள் போகும். ரீத்தா பாஸ்வேர்டைச் சொன்னாள். பார்த்துப் பார்த்து அடித்தேன். தப்பு என்றது. மறுபடியும் தப்பு. இன்னொரு முறையும் தப்பாகி, பெட்டி அணைந்து முதலிலிருந்து ஆரம்பித்தது. அடுத்து அவளே அடித்தாள். அதுவும் தப்பு.

செசில் அத்தை கடிகாரத்துக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "போட்டோதான் பாத்தாச்சே. போன்லயே முடிச்சிடலாம் தம்பி, நீ கெளம்பு" என்றார். ரீத்தா என்னைத்தான் பார்த்தாள். வேர்வையில் பொட்டு கலைந்திருந்தது. என் செல்போன் அடித்தது. முதலாளி. ஃபார்மட் போட்டுவிட்டு வாடா என்றார். ஃபார்மட் முடிய ராத்திரி ஆகிவிடும். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முசே ஜன்னல் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். நாலு மணி வரை பார்ப்போம், அதற்குமேல் போன்தான் என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டதாகத் தெரிந்தது.

கீபோர்டைத் திட்டப் போனேன். முசேயின் தம்பி பிரான்சிலிருந்து கம்ப்யூட்டரோடு கொண்டுவந்தது. ஏ எங்கே, எம் எங்கே என்று தேடித் தேடி அடித்ததில் கண் வலித்தது. அப்போதுதான் உறைத்தது. எழுத்து எங்கே அச்சாகியிருக்கிறது என்று தேடுவது நான். என் சி.டி. நம்மூர் சி.டி. கீபோர்டு பிரெஞ்சு என்று அதற்கு யார் சொன்னது? நான் ஏ என்று அழுத்தியதையெல்லாம் அது க்யூ என்று வாங்கிக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டு நட்சத்திரங்களாக விழுவதால் வெளியே தெரியவுமில்லை.

பத்தாவது முடித்த கோடையில் அப்பா என்னை இங்கிலீஷ் டைப்ரைட்டிங் பழக ஒரு இன்ஸ்டிட்யூட்டில் தள்ளியிருந்தார். கீழே பார்த்தால் அங்கே ஸ்கேலால் விரலில் ஒன்று விழும். அந்த அடிக்கெல்லாம் அன்றைக்குத்தான் கூலி கிடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரல் பழகிய இடத்திலேயே அடித்தேன். பாஸ்வேர்டு ஏற்றுக்கொண்டது. கட்டளையையும் கண் திறக்காமலே அடித்தேன். ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து அத்தைகூடக் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தினார்.

விண்டோஸ் திறந்தபோது நாலு அடிக்க இன்னும் சற்று நேரம் இருந்தது. கிளம்பப் போனவனை, மறுபடி நின்றுவிட்டால் யார் பார்ப்பது என்று முசே நிறுத்திவைத்தார். கேக் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் காலை மாற்றி மாற்றி நின்றேன்.

மாப்பிள்ளை வந்தார். படம் விட்டு விட்டு வந்தாலும் முகம் தெளிவாகவே இருந்தது. நல்ல முகம்தான். பெரியவர்கள் வணக்கம் சொல்லி நகர்ந்ததும் ரீத்தா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்க வந்து நான் வேலைக்குப் போவலாங்களா?"

அவர் தலையைத் திருப்பி, கேமராவுக்கு வெளியே பக்கத்தில் யாரையோ பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "போலாம், போலாம்" என்று சிரித்தார்.

போனில் கேட்டிருந்தால் அந்த "போலாம்" மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கும். பேச்சு முடிந்ததும் ரீத்தா எழுந்திருக்கவில்லை. "அப்பா, அவரு பக்கத்துல பாத்துட்டுதான் சொன்னாரு" என்றாள். முசே நடப்பதை நிறுத்தினார். "நானும் பாத்தேம்மா" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார். செசில் அத்தை யாரையும் திட்டவில்லை. என் கையிலிருந்த கேக் தட்டை மட்டும் வாங்கி உள்ளே வைத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து ரீத்தாவே அந்தப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தாள். முதலாளி வழக்கம்போல ஃபார்மட் என்று ஆரம்பித்தார். அவள் என்னிடம் வந்து, "இப்ப நேரா உள்ள போயிடுது. முன்ன மாதிரி கேட்டுட்டுப் போற மாதிரி வெச்சிக் குடுங்க" என்றாள். லினக்ஸ் பழகுகிறீர்களா என்றேன். "இல்ல. கேக்கட்டும், அவ்ளோதான்" என்றாள். மறுபடி லினக்ஸைப் போட்டு, காவல்காரனைப் புது வீட்டில் குடிவைத்து அனுப்பினேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை இடித்துவிட்டார்கள். முசே வீட்டில் பூட்டுத் தொங்குகிறது; யார் எங்கே போனார்கள் என்று அந்தத் தெருவில் இப்போது குடியிருப்பவர்களுக்குத் தெரியவில்லை. என் லேப்டாப்பில் சி.டி. போட வாயே கிடையாது. மூடியைத் தூக்கினால் திறந்துகொள்கிறது, எதுவும் கேட்பதில்லை. பால் பொங்கப் பொறுக்காத நான்தான், திறந்த பிறகும் எதையும் தொடாமல் சில நொடி அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.