லிட்டருக்குப் பதினான்கு

வண்டி ஃபேன் பெல்ட்டின் முதல் அடியிலேயே டிரைவர் இமானுவேலின் சட்டை கிழிந்தது. இரண்டாவது அடியில் ரத்தம் வந்தது. புதுவயல் அரிசி ஆலை முற்றத்தில் மூட்டை சுமந்தவர்கள் சுமந்தபடியே நின்றார்கள். ஒருவரும் குறுக்கே வரவில்லை.

"வண்டி வித்தவன் லிட்டருக்குப் பதினாலு ஓடும்னான். ஒன் கையில ஒம்போதுதான் ஓடுது. மிச்ச டீசலக் குடிச்சியா, வித்துத் தின்னியாடா?" ஆலை முதலாளி தங்கச்சாமிக்கு மூச்சு வாங்கியது.

"மாதா மேல சத்தியமாத் தொடல மொதலாளி."

"மாதாவா வந்து டேங்க ரொப்புவா?" இன்னோர் அடி.

இமானுவேல் யோக்கியன் என்று யாரும் சொன்னதில்லை. குடித்தால் கை நீட்டுவான். சிங்கம்புணரிச் சந்தையில் ஒருவன் பல்லை உடைத்தவன். ஆனால் அடுத்தவன் பொருளைத் தொட்டதில்லை. ஓர் ஆலையில் டீசல் திருடன் என்று பேர் விழுந்தால் ஊரில் எந்த ஆலையும் அவனிடம் வண்டிச் சாவியைத் தராது. மனைவி பெல்சிக்கு அப்போது ஏழாம் மாதம்.

தங்கச்சாமி டேங்க் மூடிக்குக் கொண்டி வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில் தொங்கியது. அப்புறமும் ஒன்பதுதான் ஓடியது.

"நீங்களே கூட வந்து பாருங்க மொதலாளி" என்றான் இமானுவேல்.

வந்தார். பங்க்கில் டேங்க்கை முட்ட நிரப்பிப் பூட்டினார்கள். ஒரு டன் ஏற்றும் குட்டி வண்டியில் வழக்கம்போல ஒன்றரை டன் அரிசி. அதற்கும் மேலே சுமைகாரன் பெத்தன். சிங்கம்புணரிக் கடையில் தராசு காலியாக நெடுநேரம் ஆனது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இமானுவேல் சாவியில் கை வைத்ததும் தங்கச்சாமி மணிக்கட்டில் ஓங்கி அடித்தார்.

"அணைச்சா செல்ப் எடுக்காது. தள்ளுறதுக்குப் பெத்தன் தனிக்கூலி கேப்பான்."

பொங்கலுக்கே பேட்டரி செத்துவிட்டது. புதிது வாங்க அவருக்கு மனமில்லை. அன்றிலிருந்து ஏற்றும்போதும் இறக்கும்போதும் வண்டி உறுமிக்கொண்டுதான் நிற்கும்.

"இப்பவும் டீசலத்தான மொதலாளி குடிக்குது?"

"நின்ன வண்டி என்னத்தடா குடிக்கும்? சக்கரமா சுத்துது?"

திரும்பி வந்து அதே பங்க்கில், எஞ்சின் ஓட ஓட, மறுபடி நிரப்பினார்கள். போக வர நூற்றுப்பத்து கிலோமீட்டர். பன்னிரண்டு லிட்டர் பிடித்தது. அதே ஒன்பது.

மேலேயிருந்து பெத்தன் சிரித்தான். "சாவி உங்க இடுப்புலதான மொதலாளி இருந்துச்சு? அப்பக் களவாணி யாரு?"

பங்க்கே சிரித்தது. தங்கச்சாமி சீட்டுக்கடியிலிருந்து பெல்ட்டை உருவினார். அது இமானுவேலின் கன்னத்தைக் கிழித்தது. அடுத்த வீச்சை அவன் கையில் பிடித்தான். பிடித்து இழுத்த வேகத்தில் அவர் கதவில் மோதினார். அவர் முடியைப் பற்றித் தலையை மறுபடி கதவில் மோதினான்.

"சொல்லுங்க. களவாண்டேனா?"

பல் தெறித்தது. மறுபடி மோதினான்.

"இல்லடா... நீ எடுக்கல..."

அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் அடி வாங்கினான். அது காதில் விழுந்த பிறகும் அவன் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் அடித்தான். நாலு பேர் சேர்ந்துதான் அவனைப் பிய்த்தெடுத்தார்கள். திமிறிக்கொண்டு போய் எஞ்சினை அணைத்தான்.

"அடப்பாவி, அணைச்சுப்புட்டியே!" என்று கத்தினான் பெத்தன்.

வீட்டில் பெல்சி அவன் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு, வீங்கிய கைமுட்டிகளைப் பார்த்தாள்.

"நீங்க எடுக்கலன்னு ஒத்துக்கிட்டாகளா?"

"ஒத்துக்கிட்டாரு."

"தானாவா? இல்ல, ஒத்துக்க வச்சீகளா?"

அவன் கையை வாளித் தண்ணீரில் முக்கினான். தண்ணீர் சிவந்தது. வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. அதன் எஞ்சினை யாரும் அணைக்கவில்லை.