கூடுதலாக ஒரு தட்டு

“அவங்க பண்டிகைய அவங்க பிள்ளைங்களுக்கே நீ போயி கத்துக் குடுக்கப் போறியா? நல்லா இருக்குதுடி கூத்து” என்றாள் அத்தை. மல்லாட்டையை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கற்றுக்கொடுக்கப் போகவில்லை, கூட இருக்கப் போகிறேன் என்றேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கீழ்பென்னாத்தூரைத் தாண்டியிருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் திருவண்ணாமலைக்கு பஸ் பிடித்துப் போய் ஆங்கிலத்தில் பட்டமும் வாங்கினேன். அத்தை அதைப் பற்றிப் பேசினால், ஏதோ அந்த பஸ்தான் என்னைப் படிக்கவைத்தது என்பது போல இருக்கும்.

குளிர்காலம் வந்தால் கிரிவலப் பாதையை ஒட்டிய தெருக்களில் வெளிநாட்டுக் குடும்பங்கள் வீடு எடுத்துத் தங்குவார்கள். பெரியவர்கள் தியானத்துக்குப் போய்விட, பிள்ளைகள் மொட்டை மாடியில் சும்மா சுற்றும். அந்த வருடம் சில குடும்பங்கள் சேர்ந்து, ஜனவரியிலிருந்து வெயில் ஏறும்வரை பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வகுப்பு நடத்த ஆள் தேடினார்கள். ஒரே ஒரு ஆள்தான் வேண்டும். டிசம்பரில் ஒவ்வொரு குடும்பமும் தன் நாட்டுக் கிறிஸ்துமஸை எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டப் போகிறது. அதில் கூடமாட இருக்க இரண்டு பேரை வைத்துப் பார்த்துவிட்டு ஒருத்தியை எடுப்பதாகப் பேச்சு. முடிவு அந்தக் குடும்பங்களில் ஒரு போலந்துக்கார அம்மாவின் கையில். அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. இன்னொருத்தி கல்லூரியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள்.

அவளுக்கு டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் சொந்த வீடு, அப்பாவுக்கு கலெக்டர் ஆபீசில் வேலை, கான்வென்ட் படிப்பு, ஸ்கூட்டி. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவள் கிறிஸ்தவப் பெண். டிசம்பர் பிறக்கும் முன்பே அவர்கள் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் எரியும். பண்டிகையன்று காலையில் சர்ச், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேக். கல்லூரியில் எனக்கும் கொண்டுவந்து தருவாள், முந்திரி இருக்கும் துண்டாகப் பார்த்து. அதற்காகவும் அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு. நான் செல்போனில் தேடித் தேடிப் படித்ததை அவள் பிறக்கும்போதே கையில் வைத்துக்கொண்டு பிறந்திருந்தாள். போலந்து வழக்கமும் ஜெர்மன் வழக்கமும் அவளுக்கும் புதிதுதான். ஆனால் தெரியாது என்பதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு அது வராது.

முதலில் ஜெர்மன் குடும்பத்தின் முறை. பிள்ளைகள் ஷூவைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டுத் தூங்கினால், ஒரு தாடிக்காரத் துறவி குதிரையில் வந்து ஆரஞ்சும் மிட்டாயும் நிரப்பிவிட்டுப் போவாராம். வாசலில் வேண்டாம், ஜன்னலுக்கு உள்ளே வையுங்கள், குரங்கு விடாது என்று சொன்னேன். வாசலில்தான் வழக்கம் என்றார்கள். காலையில் மதில்மேல் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. ஒரு ஷூ வேப்பமரத்தில் தொங்கியது. நான்தான் சொன்னேனே என்று நான் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தாள். இந்த ஊரில் துறவி குதிரையில் வரமாட்டார், குரங்குமேல்தான் வருவார், அதற்குக் கூலி கொடுக்க வேண்டாமா என்று கதை விட்டாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் குரங்கைத் தெரிந்திருந்தது. அவளுக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கதை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று மனசு வெந்தது.

இத்தாலிச் சிறுமி தனக்குப் பரிசு ஜனவரியில்தான் வரும், துடைப்பத்தில் பறக்கும் ஒரு கிழவி கொண்டுவருவாள் என்றாள். ரஷ்யப் பிள்ளைகள் தங்கள் கிறிஸ்துமஸே ஜனவரியில்தான் என்றார்கள். பண்டிகை ஒன்று, நாள் ஆளுக்கொன்று. பிள்ளைகள் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டதே இல்லை. சண்டை எங்கள் இருவருக்குள்தான், அதுவும் என் பக்கத்தில் மட்டும்.

போலந்துக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பெரிய விருந்து. குழந்தை இயேசு மாட்டுத் தொழுவத்தில் பிறந்ததால் மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்புவார்கள். வைக்கோலுக்கு எங்கே போவது என்று அந்த அம்மா கேட்டு முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். இதில் ஸ்கூட்டிக்காரி என்ன செய்ய முடியும்?

“மாட்டுக்குப் போடறத மேசையில விரிச்சி சாப்புடுவாங்களாமா?” என்று அப்பா சிரித்தார். “நல்லதா பாத்து எடுத்துனு போ. நம்ம மானம் போவக்கூடாது.” மழையில் நனையாத வைக்கோலாகப் பொறுக்கி அவரே கட்டித் தந்தார். பஸ்ஸில் கண்டக்டர் கட்டைப் பார்த்துவிட்டு, “மாடு எந்த ஸ்டாப்லம்மா ஏறும்?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் மேசை போட்டோம். வைக்கோல் பரப்பி, வெள்ளை விரிப்புப் போட்டு, தட்டுகளை வைத்தபோது சாப்பிட இருந்தவர்களைவிட ஒரு தட்டு கூடுதலாக இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். வராத ஒருவருக்கு என்று அந்த அம்மா சொன்னார். அவருடைய அப்பா அந்த வருடம்தான் இறந்துபோயிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆளில்லாமல் இலை போட்டால் அது செத்தவர்களுக்குப் படைப்பது. அதன் முன்னால் யாரும் உட்காரமாட்டார்கள். மேற்கொண்டு கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் அவள் தன் வீட்டுப் பண்டிகை வேலைக்காக ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பரிமாற நான் இருந்துகொண்டேன்.

முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பிடலாம் என்பது அவர்கள் வழக்கம். பிள்ளைகள் மாடியில் அண்ணாந்து நின்றார்கள். ஒரு சிறுமி மலை உச்சியையே பார்த்து, அங்கேதானே இருந்தது, எங்கே போயிற்று என்று கேட்டாள். மலைமேல் பதினோரு நாள் எரிந்த கார்த்திகை தீபம் முந்தின நாள்தான் அணைந்திருந்தது. அது நட்சத்திரம் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டிக்காரி இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள்.

நட்சத்திரம் வந்தது. எல்லோரும் கீழே இறங்கினோம். அந்த அம்மா அந்தக் கூடுதல் தட்டின் முன்னால் நாற்காலியை இழுத்து, என்னை உட்காரச் சொன்னார். என் கை தானாகப் பின்னால் போனது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, வேண்டாம் என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். நான் மறுபடியும் மறுத்தேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. அவள்தான்.

“ஹெல்மெட்ட மறந்துட்டேன்டி. பாதி தூரம் போனப்புறம்தான் தலைய தொட்டுப் பாக்குறேன்.”

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி, அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் யோசிக்கவே இல்லை. உட்கார்ந்தாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. இந்தத் தட்டு, சொல்லாமல் வரும் விருந்தாளிக்காக ஒவ்வொரு வருடமும் வைப்பது, இத்தனை வருடத்தில் உண்மையாகவே ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை என்றார்.

தண்ணீர் ஜாடியோடு நின்றிருந்தேன். தங்கள் ஊரிலிருந்து தபாலில் வந்த, அப்பளம் போன்ற ஒரு மெல்லிய அடையை ஆளுக்கொரு துண்டு உடைத்து, ஒருவர் துண்டிலிருந்து மற்றவர் கிள்ளித் தின்று வாழ்த்திக்கொண்டார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், நின்றபடியே. சாப்பிட்டு முடித்து, விரிப்புக்கு அடியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு வைக்கோலை உருவினார்கள். நீளமானது வந்தால் நல்ல வருடமாம். அவளுக்கு வந்ததுதான் நீளம். எங்கள் நிலத்து வைக்கோல், அப்பா பொறுக்கிக் கட்டியது. அதைக் கண்ணுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து அவள் சிரித்தாள். நான் ஜாடியை நிரப்ப உள்ளே போனேன்.

வகுப்பு அவளுக்குத்தான் போனது. புது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அத்தை அதிகம் பேசவில்லை. “நான் அப்பவே சொன்னனா இல்லியா?” என்றாள், அவ்வளவுதான்.

மறுநாளே அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். வேலைக்காக இல்லை. நான் ஏன் உட்காரவில்லை என்பதை, எங்கள் வீட்டுப் படையல் இலையைப் பற்றிச் சொல்லி விளக்கினேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, தங்கள் நாட்டிலும் சில வீடுகளில் அந்தத் தட்டு இறந்தவர்களுக்கு என்று சொல்வதுண்டு, நீ நினைத்தது முழுக்கத் தப்பில்லை என்றார். அந்த இடத்திலேயே நான் கேட்டுவிட்டேன்: அடுத்து எங்கள் பண்டிகை வருகிறது, பிள்ளைகளை எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா? அனுப்புவதென்ன, நாங்களே கூட்டிவருகிறோம் என்றார். பொங்கலுக்கு வகுப்பு விடுமுறை. டீச்சர் வர வேண்டியதில்லை.

வேன் பேசியாகிவிட்டது. அப்பா புதுப்பானையும் வாங்கிவந்துவிட்டார். இந்தத் தடவை வைக்கோல் எங்கே இருக்கும், மாடு எங்கே இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு கதையும் யோசித்து வைத்திருக்கிறேன், குரங்கு இல்லாத கதை. எண்ணிக்கைக்குமேல் ஒரு இலை கூடுதலாக நறுக்கி வைக்கும்படி அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். யாருக்கு என்று அம்மா கேட்டாள். சொல்லாமல் வருகிறவர்களுக்கு என்றேன்.

அவளை நான் கூப்பிடவில்லை.