ஆம்ஸ்டர்டாம் நீரோட்டம்

எங்கள் குடும்பம் ஒரு வெளிநாட்டு ஊருக்குப் போவதென்றால் அங்கே யாராவது சொந்தக்காரர் இருக்கவேண்டும். பாரிஸ் என்றால் சித்தப்பா வீடு, டொராண்டோ என்றால் மாமா வீடு. போய் இறங்குவோம், சாப்பிடுவோம், ஒரு கலியாணமோ சாமத்தியவீடோ பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பள்ளி விடுமுறைக்கு ஆம்ஸ்டர்டாம் போகப்போவதாக அப்பா அறிவித்தார்.

"அங்கை ஆர் இருக்கினம்?" என்று அம்மா கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்னத்துக்குப் போறம்?"

"சுத்திப் பார்க்க."

நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத்தில் இல்லாத எதைப் பார்க்கப்போகிறோம் என்ற முகத்தோடு அம்மா பெட்டி அடுக்கினார். உடுப்புகளுக்கு நடுவில் ரைஸ் குக்கரும் ஏறியது.

போன மறுநாளே சண்டை வந்துவிட்டது. அந்த ஊரில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஒரு கால்வாய், ஒரு பாலம், சாய்ந்து நிற்கும் ஒடுங்கிய வீடுகள். அப்பா போன் வரைபடத்தைப் பார்த்தபடி முன்னால் நடந்தார். நாங்கள் திரும்பத் திரும்ப ஒரே சீஸ் கடை வாசலுக்கே வந்து சேர்ந்தோம். கடைசியில் அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். பேசவேண்டியதையெல்லாம் என்னிடம் சொன்னார்.

"உன்ர அப்பாட்டைச் சொல்லு, இந்தக் கடையை நான் காலமையே பார்த்திட்டன் எண்டு."

"உன்ர அம்மாட்டைச் சொல்லு, இது வேறை கடை எண்டு."

இருவரும் ஒரு கை தூரத்தில்தான் நின்றார்கள். ஆனாலும் நான் ஒரு சொல் பிசகாமல் இரண்டு பக்கமும் ஒப்புவித்தேன். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெற்றோர் அந்த வருடம்தான் பிரிந்திருந்தார்கள். முதலில் இப்படித்தான் தொடங்கும், உன்னை நடுவில் வைத்துப் பேசுவார்கள் என்று அவள் எனக்குச் சொல்லியிருந்தாள்.

சமாதானத்துக்கு அப்பா பிடித்த வழி, காலால் மிதித்து ஓட்டும் படகு. முன்னால் அவர்கள் இரண்டு பேரும், பின்னால் நானும் ஐந்து வயதுத் தம்பியும். நடுவில் திருப்புவதற்கு ஒரு பிடி. அப்பா அதை இடப்பக்கம் இழுத்தார், அம்மா வலப்பக்கம் இழுத்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்க மிதித்தார்கள். படகு நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றியது. உல்லாசப் பயணிகளின் பெரிய படகொன்று ஊதிக்கொண்டு விலகிப்போனது. அதிலிருந்தவர்கள் எங்களைப் படம் பிடித்தார்கள். தம்பி அவர்களுக்குச் சந்தோசமாகக் கை காட்டினான்.

கடைசியில் பாலத்தடியில் கட்டியிருந்த ஒரு படகுவீட்டில் போய் இடித்தோம். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு டச்சு அம்மா எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பி, "எனக்குச் சூ வருது" என்றான்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தம்பி நெளிந்த நெளிவு எல்லாப் பாஷைக்கும் பொது. சிரித்துக்கொண்டே கையை நீட்டி அவனை மேலே தூக்கினார். "நீயும் கூடப் போ, தம்பியைத் தனிய விடாதை" என்று அம்மா என்னையும் ஏற்றிவிட்டார்.

உள்ளே கழிப்பறையில் தம்பி அவசரமே இல்லாமல் ஆறுதலாகத்தான் இருந்தான். குழாயைத் திறந்து பார்த்தான், தரை ஆடுகிறதா என்று குதித்துப் பார்த்தான். ஒருவழியாக அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால் படகைக் காணவில்லை. அப்பாவையும் அம்மாவையும் காணவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர்கள் பிரிந்துவிட்டார்கள். யார் எந்தப் பிள்ளையை வைத்திருப்பது என்று தீர்க்க முடியாமல் இரண்டு பேரையும் இங்கேயே விட்டுவிட்டார்கள்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் போனார்கள், வருவார்கள்" என்று டச்சு அம்மா ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தம்பி அங்கிருந்த பூனையை மடியில் வைத்து, பாகு தடவிய பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, "அக்கா, இனி நாங்கள் இங்கையோ இருக்கப்போறம்?" என்று கேட்டான். அவனுக்கு அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. நான் மூத்தவள். அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, தம்பி காளான் சாப்பிடமாட்டான், லைட் எரியாவிட்டால் தூங்கமாட்டான் என்று அந்த அம்மாவுக்கு விவரம் சொல்லத் தொடங்கினேன். அவர் மிகவும் கவனமாகத் தலையாட்டிக் கேட்டார்.

வெகுநேரம் கழித்து, போன பக்கத்திலிருந்து அல்லாமல் மறுபக்கத்திலிருந்து படகு வந்தது. பிடி அம்மாவின் கையில் இருந்தது. அப்பா அவசரமே இல்லாமல் மிதித்தார். படகு கோடு போட்டதுபோல நேராக வந்தது. அம்மா செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்கை போனனீங்கள்?" என்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

"நீரோட்டம், பிள்ளை. அப்பிடியே இழுத்துக்கொண்டு போட்டுது" என்றார் அப்பா.

"ஓம், பயங்கர நீரோட்டம்" என்று சொல்லி அம்மா மறுபடி சிரித்தார். படகுக்குப் பக்கத்தில் ஒரு காகிதக் கோப்பை தண்ணீரில் அசையாமல் நின்றது.

அந்த நீரோட்டத்தைப் பற்றி நான் பள்ளியில் எழுதிக்கூடக் கொடுத்தேன். அந்நாளில் அப்பாவுக்கு இரவு ஷிப்டில் பஸ் ஓட்டும் வேலை, அம்மாவுக்குப் பகலில் கடை வேலை. அவர் வர இவர் போவார். வாசலில் நின்று, மீன் பொரித்து வைத்திருக்கிறது, சின்னவனுக்கு இருமல் என்று இரண்டு வசனம் பேசிக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அன்று திரும்பும்போது டிராமில் தம்பி முன் இருக்கையில் நித்திரையாகிவிட்டான். பின் இருக்கையில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பவும் சண்டை வந்தால் குடும்பத்தைக் காப்பாற்ற ஆள் வேண்டுமே என்று நான் எழுந்துபோய் இருவரையும் விலக்கி நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கையால் அப்பாவின் கையையும் மறு கையால் அம்மாவின் கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் தலைக்கு மேலாக அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நான் செய்த உதவிக்கு நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்து, ஹோட்டல் வரும்வரை கையை விடவே இல்லை.